நாலாவது தொட்டி மட்டும் சாகவில்லை

தேவகனிக்கு அன்று காலையில் எழுந்ததிலிருந்தே குதிகால் வலி. போலீசில் இத்தனை வருஷம் நின்று நின்று சம்பாதித்தது அது ஒன்றுதான் என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஹெட் கான்ஸ்டபிளாக ஓய்வு பெற்று, நாகர்கோவிலில் ஒரு பேக்கரியின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்த பிறகும் ஊருக்கு அவள் ஏட்டம்மாதான். வருகிற கேஸ்களும் ஒரே ரகம். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையை விசாரிக்க வேண்டும், கல்யாணத்துக்குப் பின்னால் அதே மாப்பிள்ளையைப் பின்தொடர வேண்டும். மாப்பிள்ளைகள் என்றாலே அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

இன்றைய கேஸில் மாப்பிள்ளை இல்லை. இறால் குஞ்சுகள் இருந்தன.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா?" ராஜாக்கமங்கலம் ரோட்டில் ஸ்கூட்டரை விட்டுக்கொண்டே பிரைட்டன் கத்தினான். "நம்ம ஜில்லாவுல இதுவரை நடந்த கொலை எல்லாத்தையும் கூட்டினாலும் இந்தக் கேஸுக்குப் பக்கத்துல வராது. லச்சக்கணக்கிலயாக்கும் பிணம். அடையாளம் காட்டத்தான் ஒரு சொந்தக்காரனும் இல்ல."

"ரோட்டைப் பாத்து ஓட்டுலே."

பிரைட்டன் அவளுடைய உதவியாளன். மஸ்கட்டில் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பியவன். அங்கே கேட்க ஆளில்லாமல் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் இங்கே வந்து செலவழிக்கிறான் என்பது தேவகனியின் எண்ணம். ஆனால் ஓர் ஆள் எங்கே ஒளிந்திருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவான். அதற்காகவே பொறுத்துக்கொண்டிருந்தாள்.

ராகேலின் ஹேச்சரி கடலை ஒட்டிய தென்னந்தோப்புக்குள் இருந்தது. அன்றைக்குத்தான் முட்டையிலிருந்து வெளிவந்த இறால் குஞ்சுகளை வாங்கி வந்து, வளர்ப்புக் குளத்தில் விடும் பருவம் வரைக்கும் தொட்டியில் பராமரித்து விற்கிற இடம். நாலே நாலு சிமெண்டுத் தொட்டிகள். ஒவ்வொன்றையும் கறுப்பு ஷீட் போட்டு மூடியிருந்தார்கள். ஷீட்டுக்கு அடியில் காற்றுக் குழாய்கள் ஓயாமல் குமிழ் விட்டுக்கொண்டிருந்தன.

ராகேல் வாசலிலேயே காத்து நின்றாள். குவைத்தில் பிறந்த குழந்தைகள் வார்டில் வெகுகாலம் நர்ஸாக இருந்தவள். அங்கே சம்பாதித்ததையெல்லாம் இந்த நாலு தொட்டிகளில் போட்டிருந்தாள். சரியாகத் தூங்கிப் பல நாள் ஆன முகம்.

"மொதல்ல வெள்ளம் குடிங்க ஏட்டம்மா."

தேவகனி தாகத்தில் யோசிக்காமல் தம்ளர்த் தண்ணீரை வாயில் கவிழ்த்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

"சூடுவெள்ளமாக்கும். திளைக்க வைக்காத பச்சைவெள்ளம் நான் யாருக்கும் குடுக்கதில்ல" என்றாள் ராகேல்.

"நல்லவேளை, எனக்குத் தாகமில்ல" என்று பிரைட்டன் தன் தம்ளரைப் பத்திரமாகத் திண்டில் வைத்தான்.

தேவகனி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். குதிகாலுக்குக் கொஞ்சம் நிம்மதி. "சொல்லு பிள்ளே."

"மூணு பேட்ச் போச்சு ஏட்டம்மா. மூணு தடவையும் ஒண்ணாம் தொட்டி, ரெண்டாம் தொட்டி, மூணாம் தொட்டி எல்லாம் செத்துது. மூணு தடவையும் நாலாம் தொட்டி மட்டும் சாகல்ல."

"ஒண்ணு ரெண்டு மூணு யாருக்க பொறுப்பு?"

"எனக்கது. நாலாவது முருகதாஸுக்கது. பூதப்பாண்டிக்காரன். இஞ்ச வேலைக்கு இருந்தது அவன் ஒருத்தன்தான். நான் கண்ணுல எண்ணெய் விட்டுப் பாத்துக்கிட்டதெல்லாம் செத்துது. வேலை நேரத்துல உறங்குகவன் பாத்துக்கிட்டது பொழைச்சுது. இதுக்கு என்ன அர்த்தம்?"

"உறக்கம் உடம்புக்கு நல்லதுன்னு அர்த்தம்" என்றான் பிரைட்டன்.

ராகேல் சிரிக்கவில்லை. முதல் தொட்டிக்குப் போய் ஷீட்டை ஓரத்தில் தூக்கினாள். "தலையை உள்ள விட்டுப் பாருங்க. நல்ல இருட்டா இருக்கும்."

தேவகனி குனிந்து பார்த்தாள். இருட்டு. உப்பு வாடை. குமிழ்ச் சத்தம். வேறொன்றும் இல்லை.

"ஒண்ணும் தெரியல்லியே."

"தெரியாது. அதான் விசயம். கடல்வெள்ளத்துல ஒரு கிருமி உண்டு. அது கேறிச்சுன்னா குஞ்செல்லாம் இருட்டுல பச்சையா மினுங்கும். அந்த மினுக்கத்தைக் கண்டா மறுநாள் சாவுதான். இப்ப நாலு தொட்டியிலயும் மினுக்கம் இல்ல. ஏன்னு கேளுங்க. இந்த பேட்ச் வந்த மறுநாளே முருகதாஸை வெளியில தள்ளிப் பூட்டுப் போட்டேன். அவன் போனான், சாவு நின்னுது. எனக்க தொட்டியில அவன் என்னமோ ஊத்திருக்கான் ஏட்டம்மா."

மோசமான வாதம் இல்லை என்று தேவகனிக்குத் தோன்றியது. இதைவிட இளைத்த வாதங்களை வைத்து ஆட்களை உள்ளே தள்ளியதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

"மத்த ஹேச்சரியில எல்லாம் கிருமிக்கு ஆன்டிபயாட்டிக் போடுகாவன்னு கேள்விப்பட்டேனே."

ராகேலின் முகம் இறுகிவிட்டது. "நான் போட மாட்டேன். ஆன்டிபயாட்டிக் தொடாத குஞ்சுன்னு சொல்லித்தான் விக்கேன். யாவாரத்துக்காக மட்டும் சொல்லல்ல. குவைத்துல எனக்க வார்டுக்கு எந்த மருந்தும் கேக்காத கிருமியோட பிள்ளைகள் வரும். பிறந்து ஒரு வாரம்கூட ஆயிருக்காது. இருக்க மருந்தெல்லாம் ஏத்திப் பாப்போம், கேக்காது. கையிலயே போயிரும். கண்ட இடத்துல மருந்தைக் கொட்டிக் கொட்டித்தான் கிருமிக்கு அந்தத் தைரியம் வந்தது. நானும் இஞ்ச வந்து அதையே செய்யணுமா?"

"வேண்டாம். அப்ப இந்தக் கிருமிக்கு என்ன வைத்தியம்?"

"கொச்சியில ஒரு கம்பெனியில இருந்து வேற ஒரு மருந்து வருது. அதுல ஆன்டிபயாட்டிக் கிடையாது. இப்ப அதுக்க நேரந்தான்."

பேசிக்கொண்டே ராகேல் வேலையைத் தொடங்கினாள். ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். நாலு ஸ்டீல் ஜக்குகளை வரிசையாக வைத்து, ஆவி பறக்கும் கெட்டிலிலிருந்து கொதிநீரை ஊற்றினாள். ஒவ்வொன்றிலும் மருந்தை அளந்து விட்டு, கரண்டியால் கலக்கி, தூசி விழாமல் தட்டுப் போட்டு ஆறுவதற்கு மூடிவைத்தாள். பச்சைக் குழந்தைக்குப் பால் கலக்குகிற அதே கவனம். அந்தக் கையின் சுத்தத்தைப் பார்த்துத் தேவகனிக்கு லேசாகப் பொறாமைகூட வந்தது. பிரைட்டன் சும்மா இருக்க மாட்டாமல் பாட்டிலை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான்.

"இதுதான் கடைசி பேட்ச்" என்றாள் ராகேல், திரும்பிப் பார்க்காமலே. "இதும் போச்சுன்னா பூட்டிட்டுப் போகவேண்டியதுதான். மறுபடி குஞ்சு வாங்க எனக்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. ஆனா ஒரு கள்ளன் காரணமா பூட்டினேன்னு ஆகக்கூடாது. சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போறேன். அவன் எதை ஊத்தினான்னு அதுக்குள்ள கண்டுபிடிச்சுத் தாங்க. தராட்டாலும் அவனுக்க பேரைக் குடுப்பேன்."

தேவகனி குதிகாலைத் தரையில் ஊன்றி மெல்ல எழுந்தாள். ஒரு பெயர் ஸ்டேஷனுக்குள் போய்விட்டால் லேசில் வெளியே வராது. அது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஜில்லாவில் வேறு யாருக்கும் தெரியாது.

ஒழுகினசேரியில் மழை பிடித்தது. புத்தேரி தாண்டுமுன் இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். பூதப்பாண்டிக் கடைத்தெருவில் பிரைட்டன் இரண்டு பேரிடம் விசாரித்தான். முருகதாஸின் அக்காள் புருஷனுக்கு வாழைக்குலைக் கடை என்று தெரிந்தது. கடையில் கயிற்றில் வரிசையாகக் குலைகள் தொங்கின. அவற்றுக்குப் பின்னால், வாழைச்சருகு மெத்தையில், வாயைத் திறந்துகொண்டு ஒருவன் தூங்கினான்.

"இந்தக் கடையிலயே நல்லாப் பழுத்த குலை இதுதான் அக்கா" என்றான் பிரைட்டன்.

"ஏலே முருகதாஸு. எழும்பு."

அவன் எழுந்து உட்கார்ந்து கண்ணைத் தேய்த்தான். தேவகனியை அடையாளம் தெரிந்ததும் தூக்கம் முழுக்கப் போய்விட்டது. "ஏட்டம்மா, நான் ஒண்ணும் செய்யல்ல!"

"என்னத்த செஞ்சன்னு நான் இன்னும் கேக்கவேயில்லியே."

"ராகேலக்கா அனுப்பினாவளா?"

"அவதான். நீ அவளுக்க தொட்டியில விஷம் கலக்கினன்னு சொல்லுகா."

முருகதாஸ் அழுதுவிடுவான் போலிருந்தது. "விஷமா? நான் அந்தத் தொட்டிக்குக் கிட்டகூடப் போகமாட்டேன் ஏட்டம்மா. போனா, அந்த வேலையையும் சேத்து என் தலையில கெட்டிருவாவளே."

இந்தப் பதிலில் பொய் இல்லை என்று தேவகனிக்குத் தோன்றிவிட்டது. இவ்வளவு கேவலமான உண்மையை யாரும் ஜோடித்துச் சொல்ல மாட்டார்கள். ஒரு காலி வாழைக்காய்க் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி. உனக்க தொட்டி எப்படிப் பொழைச்சுது? அங்க நீ என்ன செய்வன்னு ஒண்ணு விடாமச் சொல்லு."

"அக்கா செய்யதுதான் நானும். தீனி போடுவேன். வெள்ளம் மாத்துவேன். கொச்சி மருந்து விடுவேன்." அதோடு நிறுத்திக்கொண்டான்.

"மருந்தை எப்படி விடுவ?"

முருகதாஸ் தரையைப் பார்த்தான். பிரைட்டனைப் பார்த்தான். மேலே தொங்கிய குலையைப் பார்த்தான். "அக்காகிட்டச் சொல்லிராதீங்க."

"சொல்லுலே."

"அக்கா வெள்ளத்தைத் திளைக்க வெச்சு, அதுல மருந்தைக் கலக்கி, மூடி வெச்சு, ஆறவிட்டு ஊத்துவாவ. என்னையும் அப்படித்தான் செய்யச் சொன்னாவ. எனக்கு அதுக்கெல்லாம்..." அவன் குரல் இறங்கிவிட்டது. "மடியாக்கும் ஏட்டம்மா. சோம்பல். தொட்டிக்குள்ள இருந்தே ஒரு மக்கு வெள்ளம் கோரி, மருந்தை அதுல விட்டு ஒரு ஆட்டு ஆட்டி, அங்கனயே ஊத்திருவேன். கையைக்கூடக் கழுவமாட்டேன்."

தேவகனி பிரைட்டனைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் சுட்ட நாக்கு இன்னும் எரிந்தது.

"பிரைட்டா, அந்த பாட்டில்ல போன் நம்பர் இருந்துதா?"

இருந்தது. பிரைட்டன் ஸ்பீக்கரில் போட்டான். மறுமுனையில் எடுத்தவள் பெயர் ஷைஜா. மருந்து தயாரிக்கிற பிரிவில் வேலையாம். நாலு வார்த்தை பேசுவதற்குள் மார்த்தாண்டத்துக்காரி என்று தெரிந்துவிட்டது. "நம்ம பிள்ளையாக்கும்" என்று பிரைட்டன் சந்தோஷப்பட்டான்.

"மக்கா ஷைஜா, எனக்கு ஒரேயொரு சந்தேகம்" என்றாள் தேவகனி. "உங்க மருந்தைச் சூடுவெள்ளத்துல கலக்கலாமா?"

"எந்த அளவு சூடு?"

"கெட்டில்ல திளைச்ச சூடு."

"அய்யோ. யாரு கலக்கினா?"

"கலக்கினாவன்னு வெச்சுக்கோ."

"அக்கா, மருந்துன்னு சும்மா பேச்சுக்குச் சொல்லுகதுதான். உள்ள இருக்கது வைரஸாக்கும். நம்மளையும் ஒண்ணும் செய்யாது, குஞ்சையும் ஒண்ணும் செய்யாது. அந்த மினுங்குக கிருமியை மட்டும் தேடிப் பிடிச்சு, அதுக்குள்ள கேறிப் பெருகி, அதை உடைச்சிட்டு வெளிய வரும். அப்புறம் அடுத்த கிருமி. அது கேடில்லாம இருந்தாத்தான் இதெல்லாம் நடக்கும். கொதிவெள்ளத்துல விட்டா அப்பவே தீந்துது."

"இதை பாட்டில்ல எழுதக்கூடாதா?"

"சுத்தமான வெள்ளத்துல கலக்கணும்னு எழுதியிருக்கு. ஆந்திரா, ஒடிசான்னு எங்கெல்லாமோ போவுது. ஒருத்தரும் அடுப்புல ஏத்தல்ல." ஷைஜாவின் குரல் தேய்ந்தது. "நம்ம ஊர்க்காரங்கதான் செய்வாவ. எனக்க அம்மை கைகழுவக்கூட வெள்ளத்தைத் திளைக்க வைப்பா. நான் யோசிச்சிருக்கணும்."

போனை வைத்ததும் பிரைட்டன் தலையில் கைவைத்தான். "கொச்சியில இருந்து கூலிப்படையை அனுப்பி வைக்காவ. நம்ம ராகேலக்கா வாசல்லயே வெச்சு அத்தனை பேரையும் வேகவெச்சிருக்கா. அக்கா, இந்தக் கேஸில கொலையானது குஞ்சு இல்ல. மருந்தாக்கும்!"

"அப்ப நான் செய்யல்லன்னு தெளிஞ்சிட்டா?" முருகதாஸ் துள்ளி எழுந்தான். கயிற்றில் தொங்கிய குலையிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து பிரைட்டனுக்குக் கொடுத்தான். தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டான். சோம்பேறித்தனம் ஒருவனைக் காப்பாற்றியதை பிரைட்டன் வாயில் பழத்தோடு புகழத் தொடங்கினான்.

தேவகனி எழுந்திருக்கவில்லை. குதிகால் ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. கேஸ் முடிந்துவிட்டது என்று எல்லாரும் சந்தோஷப்படும் நேரத்தில்தான் அவளுக்கு எதுவாவது உறுத்தும். அதைக் கண்டுகொள்ளாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பாள். ஒரு தடவையும் முடிந்ததில்லை.

"பிரைட்டா. காலையில ராகேல் எத்தனை ஜக்குல மருந்து கலக்கினா?"

"நாலு."

"நாலுலயும் கொதிவெள்ளமா?"

"நாலுலயும்தான். நாம பாத்தோமே."

"இவனை வெளியே தள்ளின நாளுல இருந்து நாலாம் தொட்டிக்கும் அவதான் மருந்து விடுகா. அப்ப நாலு தொட்டியிலயும் விழுந்தது செத்த மருந்து. முன்ன மூணு பேட்சும் அப்படித்தான் செத்துது." தேவகனி மெல்ல முருகதாஸ் பக்கம் திரும்பினாள். "இந்த பேட்ச் மட்டும் ஏன் இன்னும் சாகல்ல?"

பிரைட்டன் மெல்லுவதை நிறுத்தினான். முருகதாஸ் உரித்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

ஸ்டேஷனில் இருந்த காலத்தில் இந்த மாதிரி சமயங்களுக்கென்று தேவகனி ஒரு குரல் வைத்திருந்தாள். இப்போது அது தேவைப்படவில்லை. அதற்கான தெம்பும் இல்லை.

"என்ன போட்ட மக்கா?"

அவன் சருகின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "மகேஷ்குமாருக்கிட்ட வாங்கினேன்."

மகேஷ்குமார் யார் என்று பிரைட்டனுக்குத் தெரிந்திருந்தது. ஹேச்சரி ஹேச்சரியாக மருந்து விற்றுத் திரிகிறவன். ராகேல் ஒருமுறை கேட்டுக்கு வெளியிலேயே வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"பேரு ஒட்டாத பாக்கெட்டு. வெள்ளைப் பொடி. ஆன்டிபயாட்டிக்காக்கும். குஞ்சு வந்த அன்னைக்கே நாலு தொட்டியிலயும் போட்டேன். அக்கா கஞ்சி குடிக்கப் போன நேரத்துல."

"எதுக்குலே?"

"அவிய என்னைப் பாக்க பார்வையே மாறிட்டு ஏட்டம்மா. இந்தத் தடவையும் அவியளுக்க தொட்டி செத்து என் தொட்டி பொழைச்சா என்னைப் பிடிச்சுக் குடுப்பாவன்னு மனசில ஆயிட்டு. குஞ்சு சாகாம இருந்தாப் போதும், நான் தப்பிச்சேன்னு நெனைச்சேன். மறுநாளே வெளியில தள்ளிட்டாவ." அவன் மூக்கைத் துடைத்தான். "அதுவரைக்கும் நான் ஒரு தப்பும் செய்யல்ல. அம்மை மேல சத்தியம்."

அதில்தான் தேவகனிக்கு மனம் விட்டுப்போயிற்று. இவனை யாரும் சந்தேகப்படாமல் இருந்திருந்தால் இவன் தூங்கிக்கொண்டே நல்லவனாக இருந்திருப்பான். ராகேலின் பார்வை அவனைக் குற்றவாளியாக முதலில் பார்த்தது, குற்றம் பிறகு வந்து சேர்ந்தது. யார்மேல் கோபப்படுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

பிரைட்டன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, இது நம்ம மூணு பேருக்கு மட்டும்தான் தெரியும். சூடுவெள்ள விசயத்தை மட்டும் அவியகிட்டச் சொல்லுவோம். பொடியைச் சொல்லாண்டாம். குஞ்சு பொழைக்கும், இவன் பொழைப்பான், ஹேச்சரியும் பொழைக்கும். ஒருத்தருக்கும் நட்டமில்ல."

இவ்வளவு நல்ல யோசனையை அவன் இதுவரை சொன்னதே இல்லை. தேவகனிக்கு ஆசையாகவே இருந்தது. வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காரலாம்.

"நீ என்ன சொல்லுக?" என்று முருகதாஸைக் கேட்டாள்.

அவன் கையிலிருந்த பழத்தைச் சருகின்மேல் வைத்தான். "ஆன்டிபயாட்டிக் தொடாத குஞ்சுன்னு அவிய எல்லார்கிட்டயும் நெஞ்சில கைவெச்சுச் சொல்லுவாவ" என்றான். "இனி அது பொய்யில்லா? அவியளுக்கே தெரியாம அவியளைப் பொய் சொல்ல வைக்கணுமா? நானே வந்து சொல்லுகேன் ஏட்டம்மா."

மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில் புறப்பட்டார்கள். "நடுவுல முன்னாள் போலீஸ், பின்னால குற்றவாளி. டிராபிக்கில பிடிச்சா யாரைக் காட்டுகதுன்னு தெரியல்ல" என்றான் பிரைட்டன். மற்ற இருவரும் சிரிக்காததால் அவனே கொஞ்சம் சிரித்துக்கொண்டான்.

ராகேல் ஸ்டேஷனுக்குப் போகச் சேலை மாற்றித் தயாராக நின்றாள். முருகதாஸைக் கண்டதும் அவள் கண்கள் சுருங்கின. "பிடிச்சிட்டீங்களா?"

"உக்காரு பிள்ளே. ஒரு கேள்வி கேக்கேன்" என்றாள் தேவகனி. "வார்டுல போலியோ சொட்டு மருந்து குடுத்திருப்பியா?"

"ஆயிரம் பிள்ளைகளுக்குக் குடுத்திருப்பேன்."

"அதைக் கொதிவெள்ளத்துல கலக்கிக் குடுப்பியா?"

"என்ன பேச்சு பேசுதீங்க ஏட்டம்மா? அது ஐஸிலயே இருக்கணும். சூடு பட்டா செத்து..."

நாற்காலியில் உட்கார்ந்த ராகேல் பேச்சைப் பாதியில் விட்டாள். அவள் பார்வை ஃப்ரிட்ஜுக்குப் போயிற்று. அங்கிருந்து கெட்டிலுக்குப் போயிற்று. தேவகனி மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஷைஜா சொன்னதை நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

"மூணு பேட்ச்" என்றாள் ராகேல். கைகள் மடியில் கிடந்தன. "நானா கொன்னேன்? பாத்துப் பாத்து நானே கொன்னிருக்கேன். ஐஸில வந்த மருந்து. அதைக் கையில வாங்கினவளுக்கு இது தோணல்லியே. மருந்துன்னா கலக்கணும், கலக்கணும்னா திளைச்ச வெள்ளம். வேற ஒண்ணும் எனக்கு ஓடல்ல ஏட்டம்மா." பிறகு முருகதாஸைப் பார்த்தாள். "மக்கா, உன்னைப் போய் நான்..."

"அக்கா, நிறுத்துங்க" என்றான் அவன். நின்றபடியே, ஒன்றையும் மறைக்காமல், வெள்ளைப் பொடியைப் பற்றிச் சொன்னான்.

ராகேல் அவனைத் திட்டவில்லை. எழுந்துபோய் ஒவ்வொரு தொட்டியாக ஷீட்டை விலக்கினாள். வெளிச்சம் பட்டதும் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக மேலே துள்ளி வந்தன. ஒன்றுக்குக்கூட நோயில்லை. அவள் இந்த வேலையைத் தொடங்கிய நாளிலிருந்து நாலு தொட்டியும் ஒருசேர இப்படி இருந்து பார்த்ததில்லை.

பிரைட்டனுக்கு மனசு கேட்கவில்லை. "விக்கதுக்கு இன்னும் நாள் கிடக்கே. அதுக்குள்ள இதுக்க உடம்புல இருந்து பொடி போயிராதா?"

"போயிரும்" என்றாள் ராகேல். "டெஸ்ட்ல ஒண்ணும் காட்டாது. எனக்குத் தெரியும். பொடியில தப்பிச்ச கிருமி மட்டும் இந்த வெள்ளத்துல கிடக்கும். குஞ்சோட வாங்குறவனுக்க குளத்துக்குப் போவும். அங்க இருந்து எந்த மாதிரி வார்டுக்குப் போவும்னும் எனக்குத் தெரியும்."

அவள் உள்ளே போய் பிளீச்சிங் பவுடர் மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். முருகதாஸ் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தான். தொட்டியை அப்படியே திறந்துவிட்டால் கிருமியெல்லாம் கடலுக்குப் போய்விடும். முதலில் இதைப் போட்டுக் கிருமியையும் குஞ்சையும் சேர்த்துக் கொல்ல வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். இருவருமே மூட்டையைத் தொட்டிப் பக்கம் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு, அதன் வாயைப் பிரிக்காமல் நின்றார்கள்.

"நான் ஏட்டம்மாகிட்ட ஒண்ணுமே சொல்லாம இருந்திருக்கலாம் அக்கா" என்றான் முருகதாஸ். இப்போது நிஜமாகவே அழுதான். "எல்லாம் உயிரோட இருக்கே. என் வாயை மூடிக்கிட்டு நான் ஜெயிலுக்குப் போயிருக்கலாம். இந்த இடம் உங்களுக்கு மிஞ்சியிருக்கும்."

ராகேல் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா இன்னைக்கு உன்னை ஜெயிலுக்கு அனுப்பியிருப்பேன். அடுத்த மாசம் இதுகளை வித்திருப்பேன். அதுக்க மறு ஞாயிறு சர்ச்சில எழும்பி நின்னு, கர்த்தர் எனக்குச் செய்த நன்மைன்னு சாட்சியும் சொல்லியிருப்பேன்" என்றாள். "மூட்டையைப் பிரி மக்கா."